லெட்சுமி, லட்சுமி, லக்ஷ்மி: இலங்கை மலையகத்தில் ஒரு பெண்பிள்ளைப் பெயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்பிள்ளை பிறந்தால் "வீட்டுக்கு மகாலெட்சுமி வந்திருக்கா" என்று சொல்வது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்திலும் டவுனிலும் இன்றும் கேட்கிற பேச்சு. அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைத்துப் பத்திரத்தில் எழுதும் நேரம் வந்ததும் குழப்பம் தொடங்குகிறது. 'லெ' போடுவதா 'ல' போடுவதா, 'ட்ச'வா 'க்ஷ'வா, சிங்களத்தில் எப்படி, ஆங்கிலத்தில் எப்படி? இதைக் கேட்கும் இளம் பெற்றோருக்காகவும், மூன்று பத்திரங்களில் மூன்று விதமாகப் பெயர் கிடக்கும் பாட்டிமாரின் பிள்ளைகளுக்காகவும் இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம். இந்தப் பெயரின் எந்த வடிவத்தையும் வைக்கலாம். ஆனால் வைத்த வடிவம் எல்லாப் பத்திரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். கீழே உள்ளதில் பெரும்பகுதி அதற்கான வழிதான்.

லெட்சுமி, லட்சுமி, லக்ஷ்மி: இவற்றில் எது சரி?

மூன்றும் சரி. வடமொழி 'லக்ஷ்மீ' தமிழுக்கு இரண்டு வழியில் வந்தது. பழைய இலக்கியத் தமிழில் 'க்ஷ' 'க்க' ஆகி 'இலக்குமி' என்று நின்றது. பேச்சிலும் பிற்கால எழுத்திலும் 'க்ஷ' 'ட்ச' ஆயிற்று. மீனாக்ஷி மீனாட்சியானதும், பக்ஷி பட்சியானதும், ரக்ஷிப்பது இரட்சிப்பதானதும் இதே வழிதான். எனவே 'லட்சுமி' என்பது தமிழ் வாய்க்குள் வந்து தங்கிய வடிவம். 'லக்ஷ்மி' என்பது கிரந்த எழுத்தோடு மூலத்தை ஒட்டிய வடிவம்.

'லெ' எப்படி வந்தது என்பதுதான் பலரும் அறியாதது. வடமொழியில் அதிர்வோடு தொடங்கும் சொற்களில், அதாவது க, ஜ, ப போன்றவற்றின் மெல்லோசையிலோ ர, ல ஒலியிலோ தொடங்குபவற்றில், முதல் அகரம் தமிழ்ப் பேச்சில் எகரமாக மாறும். கங்கா கெங்கா ஆகிறாள், ரங்கசாமி ரெங்கசாமி, ஜயம் ஜெயம், பலம் பெலம், ரத்தம் ரெத்தம். 'ஜெயம்' என்பதை இன்று எவரும் பிழை என்று சொல்வதில்லை. அதே விதியில் வந்த 'லெட்சுமி'யை மட்டும் படிக்காதவர் எழுத்து என்று திருத்துவது நியாயமில்லை. வகுப்பில் பிள்ளை 'லெட்சுமி' என்று எழுதியதை சிவப்பு மையால் 'லட்சுமி' என்று மாற்றும் ஆசிரியர்கள் இந்த ஒரு பந்தியை வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

எப்படி உச்சரிப்பது?

லெட்–சு–மி என்று மூன்று அசை. 'ட்'டில் நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு நிற்கும். அதைத் தொடரும் 'சு' காட்சி, ஆட்சி என்பவற்றில் வருகிற வல்லோசை. 'பாசம்' என்பதில் உள்ள மெல்லிய ஓசை அல்ல. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது பெரும்பாலான பிழை இந்த இடத்தில்தான் நடக்கிறது, ஆகவே இதை மனதில் வையுங்கள்.

பேச்சு வேகத்தில் 'ட்ச' 'ச்ச' ஆகி லெச்சுமி என்று வரும். அது இயல்பு. மலைக்கு மேலிருந்து கூப்பிடும்போது கடைசி இகரம் நீண்டு "லெச்சுமீ" ஆகும். லக்ஷ்மி என்பதில் இரண்டே அசை: லக்–ஷ்மி. நடுவில் உகரம் கிடையாது. 'லக்ஷுமி' என்று எழுதுவது இரண்டு வடிவங்களைக் கலப்பது; அதைத் தவிருங்கள்.

'லெட்சுமி' மலையகத்தில் மட்டும் உள்ள வடிவமா?

இல்லை. நம் முன்னோர் வந்த திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளின் பேச்சு அது. அதே ஊர்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் மலேசியாவில் இன்று அப்படியே எழுதுகிறார்கள்.

எந்தத் தலைமுறையில் இந்தப் பெயர் அதிகம்?

வாக்காளர் இடாப்பையும் பாடசாலை வரவு இடாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர்களின் ஓட்டம் தெரியும்.

கோப்பிக் காலத்திலும் தேயிலையின் தொடக்கத்திலும் வந்தவர்களிடையே குலதெய்வப் பெயர்களும் காவல் தெய்வப் பெயர்களும் முன்னால் நின்றன: கருப்பாயி, மாரியாயி, வீராயி, பேச்சியம்மா, முனியம்மா, ராக்காயி. முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் குப்பாயி, மூக்காயி, பிச்சையம்மா. லெட்சுமி அப்போதும் இருந்தது. மீனாட்சி, காமாட்சி, பார்வதி, சரஸ்வதி ஆகியவற்றோடு கோயில் பெயராக இருந்தது.

அடுத்த காலகட்டத்தில், ஏறக்குறைய இன்று பாட்டியாக இருப்பவர்கள் பிறந்த ஆண்டுகளில், 'ஆயி' என்று முடியும் பெயர்கள் மெல்லக் குறைந்து லெட்சுமி தனிப்பெயராகப் பரவியது. ஒரே தோட்டத்தில், சில வேளை ஒரே லயத்தில், இரண்டு மூன்று லெட்சுமிகள். பெரிய லெட்சுமி, சின்ன லெட்சுமி, மேட்டு லயத்து லெட்சுமி என்று அடையாளம் சொல்லித்தான் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் கூப்பிட வேண்டியிருந்தது. தோட்டத்து வரவு–சம்பள இடாப்பான செக்ரோலில் தகப்பன் பெயரையோ கணவன் பெயரையோ சேர்த்தார்கள்.

அதற்குப் பிறகு கூட்டுப் பெயர்கள் வந்தன: விஜயலெட்சுமி, ராஜலெட்சுமி, தனலெட்சுமி, முத்துலெட்சுமி, பாக்கியலெட்சுமி, சுப்புலெட்சுமி, மகாலெட்சுமி. இன்று நாற்பது, ஐம்பது, அறுபது வயதில் இருக்கும் பெண்களிடம் இவை ஏராளம். ஒரே பெயர் பலருக்கு இருந்த இடைஞ்சல் கூட்டுப் பெயரால் தீர்ந்தது. நட்சத்திர எழுத்தும் ஒரு காரணம். அதைக் கீழே சொல்கிறோம்.

பிறகு ஏன் குறைந்தது?

ஒரே காரணம் இல்லை. திராவிட இயக்கத்தின் பேச்சும் ஏடுகளும் மலைநாட்டை எட்டியபோது தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, மலர்க்கொடி வந்தன. ராஜேஸ்வரி, புவனேஸ்வரி, பரமேஸ்வரி, யோகேஸ்வரி என்று 'ஈஸ்வரி' வரிசை நீண்டது. தமிழ்நாட்டுப் படங்களும் இலங்கை வானொலியில் நேயர் விருப்பத்தில் வாசிக்கப்பட்ட பெயர்களும் பழக்கமானதும் தர்ஷினி, சுபாஷினி, ரோஷினி என்று 'ஷினி'யில் முடிவன பிடித்துப்போயின. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு மாறி, வெளியூர் ஆசிரியர்களின் பிள்ளைகளும் யாழ்ப்பாணத்து, கொழும்புப் பெயர்களும் காதில் விழுந்தன.

இவற்றோடு ஒரு வருத்தமான காரணமும் உண்டு. சிங்கள நடையில் 'லெச்சமி' என்பது கொழுந்து பறிக்கும் பெண் என்றாலே வாயில் வரும் பொதுப்பெயராக ஆக்கப்பட்டது. கண்டியிலோ கொழும்பிலோ வேலைக்குப் போன பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்தார்கள். தன் மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைத்த தாயை நாம் குறை சொல்ல முடியாது.

லக்ஷிகா, லக்ஷனா, டிலக்ஷனா ஆகியவை லெட்சுமியின் புதிய வடிவங்களா?

லக்ஷிகா போன்றவை பெரும்பாலும் அப்படித்தான் வைக்கப்படுகின்றன: அப்பாயியின் பெயர் லெட்சுமி, பேத்திக்கு அதன் முதல் ஒலியை எடுத்து லக்ஷிகா. லக்ஷனா என்பதன் வேர் 'லக்ஷணம்', அதாவது அழகு, அடையாளம். லக்ஷ்மியும் அதே வேரைச் சேர்ந்த சொல்தான், ஆகவே உறவு பொய்யில்லை. டிலக்ஷனா, டிலக்ஷன், டிலுக்ஷிகா என்பன 'லக்ஷ' ஒலியின் முன்னால் நட்சத்திர எழுத்தைச் சேர்த்துக் கட்டிய பெயர்கள். அகராதிப் பொருள் தேடினால் கிடைக்காது. பொருள் இல்லாத பெயரை வைக்கக் கூடாதென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் பிள்ளை பத்து வயதில் "என் பேருக்கு என்ன அர்த்தம்" என்று கேட்கும். பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

எந்த நட்சத்திரத்துக்கு இந்தப் பெயர் பொருந்தும்?

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108 எழுத்துகள். வழக்கத்தில் உள்ள அட்டவணைப்படி:

அசுவினி – சு, சே, சோ, ல. நான்காம் பாதத்துக்கு லட்சுமி, லக்ஷ்மி, லக்ஷிகா.
பரணி – லி, லு, லே, லோ. மூன்றாம் பாதத்துக்கு லெட்சுமி என்று வைப்பவர்கள் உண்டு; குறிலையும் நெடிலையும் ஒன்றாகக் கொள்வது வழக்கம்.
மகம் முதலாம் பாதம் 'ம' – மகாலெட்சுமி.
ரோகிணி மூன்றாம் பாதம் 'வி' – விஜயலெட்சுமி.
சித்திரை மூன்றாம் பாதம் 'ர' – ராஜலெட்சுமி.
சுவாதி நான்காம் பாதம் 'த' – தனலெட்சுமி.

தெய்வப் பெயரும் வேண்டும், நட்சத்திர எழுத்தும் வேண்டும் என்ற வீடுகளுக்குக் கூட்டுப் பெயர் கைகொடுத்தது இதனால்தான். 'டி'யில் தொடங்கும் பெயர்கள் இவ்வளவு பெருகியதற்கும் இந்த அட்டவணை ஒரு காரணம்: ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ, பூரத்தின் மூன்றாம், நான்காம் பாதங்களுக்கு டி, டு. தமிழ்ச் சொல் எதுவும் 'ட'வில் தொடங்காது என்பதால் பெற்றோர் புதிதாகப் பெயர் கட்ட வேண்டியதாயிற்று.

எண் சோதிடக்காரர் 'லெட்சுமி' எழுத்து ஆகாது என்கிறாரே?

அவர் கணக்கு என்னவென்று தெரிந்தால் பயம் குறையும். பெரும்பாலோர் பயன்படுத்தும் கல்தேய முறையில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை எண். எல் 3, ஈ 5, டீ 4, சீ 3, எச் 5, யூ 6, எம் 4, ஐ 1: கூட்டினால் 31, அதாவது 4. சிங்கள வழியில் வரும் 'சீ–எச்–சீ–எச்' எழுத்துக் கூட்டலுக்கு 35, அதாவது 8. நாலும் எட்டும் அவர்களுக்கு ஆகாத எண்கள். எல், ஏ, கே, எஸ், எச், எம், ஐ என்று எழுதினால் 19, அதாவது 1. அது அவர்களுக்குப் பிடித்த எண். இந்தப் பெயர் ஆங்கிலத்தில் க்ஷ பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் காரணம் என்றே நினைக்கிறோம்.

31 வரும் எழுத்துக் கூட்டலில் கடைசி ஐ–யை வை ஆக மாற்றினால் எண் மாறாது, இரண்டுக்கும் 1. இரண்டு ஈ போட்டால் 40, மீண்டும் 4. பழைய செக்ரோல் பாணியில் ஐ–ஈ என்று முடித்தால் 36, அதாவது 9. தகப்பன் பெயரைச் சேர்த்தால் கூட்டுத்தொகை முழுவதும் மாறிவிடும். நம்பிக்கை உள்ளவர்கள் பதிவுக்கு முன்பே பார்த்து முடித்துக்கொள்ளுங்கள். பதிந்த பிறகு ஓர் எழுத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றிலும் சிக்கலை உண்டாக்கும்.

ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

தோட்டத்துக் கிளாக்கர்மார் காதில் கேட்டதை எழுதினார்கள். 'ட்ச' ஓசைக்கு டீ–சீ–எச் போட்டார்கள். முடிவில் வை, ஐ, ஐ–ஈ, இரட்டை ஈ என்று கை போன போக்கு. நடுவில் 'சு' என்பதற்கு யூ போட்டவர் பாதி, ஐ போட்டவர் பாதி. இதுதான் தோட்ட வழி. இரண்டாவது, சிங்களத்தில் பதியப்பட்ட பெயரை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் வழி: 'ச்ச' என்பதற்கு சீ–எச் இரண்டு தடவை வரும். மூன்றாவது, கே–எஸ்–எச் போடும் வடமொழி வழி. இந்தியாவில் பெரும்பாலும் இதுதான். ஒரே பெண்ணுக்கு சேமலாப நிதி அங்கத்துவ அட்டையான பீ காட்டில் முதலாவதும், பிறப்புப் பத்திர மொழிபெயர்ப்பில் இரண்டாவதும், பிள்ளையின் பாடசாலை ஆவணத்தில் மூன்றாவதும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறோம்.

எங்கள் யோசனை: தமிழில் 'லெட்சுமி' என்று வைத்தால் எல்–ஈ–டீ–சீ–எச்–யூ–எம்–ஐ. தமிழில் 'லக்ஷ்மி' என்று வைத்தால் எல்–ஏ–கே–எஸ்–எச்–எம்–ஐ. தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் இன்னொன்றும் வேண்டாம். 'க்ஷ'வுக்கு எக்ஸ் போடுவது இப்போது பரவுகிறது. வெளிநாட்டில் அதை எப்படி வாசிப்பது என்று திணறுவார்கள். விஜயலெட்சுமி என்பதில் 'வ'வுக்கு வீ போடுங்கள். சிங்களம் வழியாக மொழிபெயர்க்கும்போது டபிள்யூ ஆகிவிடும் வாய்ப்பு உண்டு, பார்த்துத் திருத்துங்கள்.

ஆங்கில எழுத்து எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு நம் கண்டியில் பிறந்த கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் சாட்சி. 'தரன்' என்பதற்கு டீ–எச் போட்டே உலகப் பத்திரிகைகள் பல ஆண்டுகள் எழுதின. அவர் விரும்பிய எழுத்து, சீ–க்கு அடுத்து வரும் டி. 2007இல் அவுஸ்திரேலியாவில் வார்ன்–முரளிதரன் கிண்ணத்துக்குப் பெயர் பொறித்தபோதுதான் அவர் சொன்ன எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். இன்றும் பல இடங்களில் பழைய எழுத்தே ஓடுகிறது.

சிங்களத்தில் எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சிங்களத்தில் 'க்ஷ' ஒலிக்கு எழுத்து உண்டு; லக்ஷ்மி, லக்ஷ்மன் என்பன சிங்களவரும் வைக்கும் பெயர்கள். எனவே 'லக்ஷ்மி' சிங்களத்தில் பிசகாமல் விழும். 'லெட்சுமி'க்குத்தான் கவனம் வேண்டும். தமிழில் 'ச' ஒரே எழுத்து. சிங்களத்தில் வல்லோசைக்கு ஓர் எழுத்து, மெல்லோசைக்கு வேறு எழுத்து. மெல்லோசை எழுத்தைப் போட்டால் பெயர் 'லெட்ஸுமி' ஆகிவிடும். 'ட்'டை விட்டு இரட்டைச் 'ச' போட்டால் 'லெச்சுமி'. 'சு'வின் உகரம் விடுபட்டால் 'லெச்சமி'. இந்த மூன்றும் பத்திரங்களில் கிடக்கின்றன. சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு 'ட்', வல்லோசை 'சு', குறில் 'மி' என்று எழுதச்செய்து கையில் கொண்டுபோங்கள்.

1987இல் வந்த 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. பதிவைத் தமிழில் செய்யும்படி கேட்பது உங்கள் உரிமை. முதலில் அதைக் கேளுங்கள். தாளில் எழுதிக் கொண்டுபோவது, சிங்களத்தில்தான் பதிவு நடக்கும் இடத்துக்கான காப்பு.

பதிவுக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

பிறந்த நாளிலிருந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு ஆகிவிடும்; அலைச்சல் கூடும். முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துப் பேர் வைக்கும் வீடுகளுக்கு மீதி 12 நாள்தான். ஆகவே பெயரைப் பிரசவத்துக்கு முன்பே இரண்டு மூன்றாகச் சுருக்கி வைத்திருப்பது நல்லது.

ஒரு தாளில் பெரிய எழுத்தில் மூன்று வரி எழுதுங்கள்: தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில். தகப்பன் பெயரை அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். தாயின் பெயரும் அப்படியே. ஆஸ்பத்திரியில் தந்த பிறப்பு அறிக்கை, இருவரின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச்செல்லுங்கள். மூத்த பிள்ளை இருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். ஒரு தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகளின் பத்திரத்தில் இரண்டு பெயர் விழுவது அதனால் தவிர்க்கப்படும்.

கையொப்பம் வைக்கும் முன் எழுத்து எழுத்தாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள். வரிசையில் பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று வெட்கப்பட வேண்டாம். அந்த ஐந்து நிமிடம் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் உதவும்.

பிழையாகப் பதிந்தாயிற்று. இப்போது?

பெயரை மாற்றவோ, பெயர் இல்லாமல் பதிந்ததில் பெயர் சேர்க்கவோ பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் அதற்கான பிரகடனப் படிவம் கேட்டு வாங்குங்கள். எழுத்துப் பிழைத் திருத்தமும் பெயர் மாற்றமும் வேறு வேறு விண்ணப்பங்கள். எது வேண்டுமென்று முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிழையான படிவத்தை நிரப்பித் திரும்பி வர நேரும். மூலச் சான்றிதழும், நீங்கள் கேட்கும் வடிவம் வேறு ஆவணங்களில் இருப்பதற்கான சாட்சியும் வேண்டும்.

செய்வதானால் பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் முன் செய்யுங்கள். அது முடியாவிட்டால் 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன். தோட்டத்தில் இருப்பவர்களின் விண்ணப்பத்தைத் தோட்ட முகாமையாளர் அத்தாட்சிப்படுத்துவார். அவருடைய அலுவலகத்தில் உள்ள பெயர் வேறாக இருந்தால் அதையும் அப்போதே சரிசெய்யுங்கள். சாதாரண தரச் சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது எல்லாவற்றிலும் கடினம்.

பாட்டியின் அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதியில் இன்னொரு பெயர். பணம் எடுக்க முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். இந்த முரண்பாடு அவர் தவறல்ல. தோட்டங்கள் எழுபதுகளில் அரசுடைமையாகின. 1992இல் முகாமைத்துவம் கம்பெனிகளுக்குப் போனது. கைமாறும்போதெல்லாம் இடாப்புகள் புதிதாகப் பிரதி எடுக்கப்பட்டன. ஒவ்வொரு பிரதியிலும் ஓர் எழுத்து நழுவியது. 'லெட்சுமி' போல நாலு விதமாக எழுதக்கூடிய பெயர் அதிகம் அடிபட்டது.

பெயரைவிட அங்கத்துவ இலக்கம் முக்கியம். பீ காட், பழைய சம்பளச் சிட்டை, செக்ரோல் இலக்கம் எதையும் எறியாதீர்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடியுங்கள். அதில் இரண்டு வடிவங்களையும் ஆவணத்தில் உள்ளபடியே, எழுத்து மாறாமல் எழுதவேண்டும். தோட்ட அலுவலகத்தில் சேவைக் காலத்தையும் இலக்கத்தையும் குறிப்பிட்டு ஓர் உறுதிக் கடிதம் கேளுங்கள். இவற்றோடு பகுதித் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். ஓய்வு பெறும் வயது வரும்வரை காத்திராமல், வேலையில் இருக்கும்போதே செய்துவிட்டால் தோட்டக் கடிதம் எளிதாகக் கிடைக்கும்.

இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்களின் பத்திரத்தில் வேறு எழுத்து. உறவை எப்படிக் காட்டுவது?

மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 இலங்கை–இந்திய ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்களில் இது சாதாரணம். அக்கா கோத்தகிரியில், தங்கை மஸ்கெலியாவில். அங்கே கே–எஸ்–எச், இங்கே டீ–சீ–எச். அவர்கள் போகும்போது எடுத்துச்சென்ற கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் தோட்டத்தின் பெயரும் பெற்றோர் பெயரும் இருக்கும். பெயரின் எழுத்து மாறினாலும் தோட்டமும் தகப்பன் பெயரும் சேர்ந்து உறவைக் காட்டும். அந்தக் காகிதங்களின் பிரதியை இரண்டு பக்கமும் வைத்திருங்கள்.

தகப்பன் பெயர் லெட்சுமணன். பிள்ளையின் முதலெழுத்து என்ன?

தமிழ் மரபில் 'ல' சொல்லின் முதலில் வராது என்பதால் சில ஆசிரியர்கள் 'இலெட்சுமணன்' என்று எழுதி முதலெழுத்தை 'இ.' ஆக்குவார்கள். ஆங்கிலத்தில் அது ஐ ஆகவும் ஈ ஆகவும் மாறி, எல் எங்கோ தொலைந்துபோகும். 'லெ.' என்றே வையுங்கள், ஆங்கிலத்தில் எல். இரட்டை ஆண்பிள்ளைகளுக்கு ராமன், லெட்சுமணன் என்று வைத்த வீடுகளில் ராமனின் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்: இ., இரா., ரா. மூன்றில் ஒன்றைத் தெரிந்து அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மாமியார் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் மருமகள் எப்படிக் கூப்பிடுவாள்?

மாமியார் பெயரைச் சொல்லாத வழக்கம் உள்ள வீடுகளில் பிள்ளை பாப்பா, அம்மு, தங்கம் என்றே வளரும். அதில் குறையில்லை. ஆனால் பாலர் பாடசாலைக்குப் போகும் முன் பதிவுப் பெயரைப் பிள்ளைக்குப் பழக்குங்கள். தன் பெயரைக் கூப்பிட்டும் எழுந்து நிற்காத பிள்ளைகளை முதல் வகுப்பு ஆசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள்.

லெட்சுமி என்று வைத்தால் தோட்டத்துப் பெயர் என்று கேலி செய்ய மாட்டார்களா?

செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளையைப் பாதுகாக்க லக்ஷ்மி என்று மாற்றுவது உங்கள் விருப்பம். எங்கள் எண்ணத்தைக் கேட்டால், வையுங்கள் என்போம். இந்த நாட்டுத் தேயிலையை இரண்டு கையாலும் பறித்துக் கூடையில் போட்ட பெண்களின் பெயர் அது. அப்பாயி யார், எந்த மலையில் எத்தனை வருடம் வேலை செய்தாள் என்று கதை தெரிந்து வளர்ந்த பிள்ளைக்குக் கேலிக்குப் பதில் சொல்லத் தெரியும்.

கணினியில் 'லக்ஷ்மி' என்று தேடினால் சிலருடைய பெயர் வருவதில்லையே?

'க்ஷ' என்பது க, புள்ளி, ஷ மூன்றும் சேர்ந்து உண்டாவது. சில விசைப்பலகைகள் இடையில் கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி ஒன்றைச் சேர்த்து, க் தனியாகவும் ஷ் தனியாகவும் காட்டும். கணினிக்கு அது வேறு பெயர். அந்த இடத்தை அழித்துவிட்டு மறுபடி தட்டச்சு செய்தால் சரியாகும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல்களை ஒருங்குறிக்கு மாற்றும்போதும் 'ஷ்' உடையும். மாற்றிய பிறகு 'லக்ஷ்மி', 'தர்ஷினி' போன்ற பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். 'லெட்சுமி' இந்தத் தொல்லையில் மாட்டுவதில்லை.